குளியலறை வாசல் ரேடியோ

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் கண்டக்டரின் மனைவிக்கு ‘ரேடியோ’ என்று பெயர். பெயர் வைத்தவர் மேல்மாடிச் செயலாளர். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் என்பதாலேயே குடியிருப்போருக்குப் பெயர் வைக்கும் அதிகாரமும் தனக்கு உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதர். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. எல்லா வீட்டுக் குளியலறை ஜன்னலும் கட்டடத்தின் நடுவே வெளிச்சத்துக்காக விட்ட இடைவெளியைப் பார்த்துத்தான் இருந்தன. ஒரு வீட்டில் தும்மினால் நான்கு வீட்டில் கேட்கும். காலையில் கண்டக்டர் வீட்டில் தண்ணீர் விழும் சத்தம் ஆரம்பித்ததுமே அந்த அம்மாளின் குரலும் ஆரம்பித்துவிடும். வெங்காய விலை, தண்ணீர் லாரி, எதிர்வீட்டு மிக்ஸி, யாரோ யாரையோ முறைத்தது என்று மூச்சு விடாமல் ஓடும். தண்ணீர் நின்றால்தான் நிற்கும்.

“பாவம்யா அந்த மனுஷன். குளிக்கிற இடத்துல கூட விட மாட்டேங்குது அந்தம்மா” என்பார் செயலாளர்.

கண்டக்டரும் சேர்ந்து சிரிப்பார். டிப்போவில் அவரே எடுத்துக் கொடுப்பார். “நம்ம வீட்டு ரேடியோவுக்கு ஆஃப் பண்ற பட்டனே கிடையாதுப்பா.” டிரைவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

உண்மை என்னவென்றால், கண்டக்டருக்குப் பயம். மூடிய கதவுக்குப் பின்னால் தனியாக இருக்கப் பயம். சின்ன வயதில் பெரியப்பா வீட்டுச் சாமான் அறையில் ஒளிந்து விளையாடப் போனவரை, யாரோ வெளியே கொண்டி போட்டுவிட்டு மறந்தே போனார்கள். தொண்டை கிழியக் கத்தியும் ஒருவர் காதிலும் விழவில்லை. கடைசியில் கதவைத் திறந்தவர்கள் அவருடைய நனைந்த கால்சட்டையைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த இருட்டைவிட அந்தச் சிரிப்புத்தான் அதிக நாள் கூட வந்தது. அன்றிலிருந்து, கதவு மூடியிருந்து, பக்கத்தில் தன்னைத் தெரிந்த ஒருவரின் குரல் கேட்கவில்லை என்றால் உள்ளங்கை நனையும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், இதோ போய்விட்டேன் என்றே தோன்றும்.

அதனால்தான் பேருந்துப் படிக்கட்டோரம் நிற்கிற வேலை. அதனால்தான் மனைவி தையல் கம்பெனி வேலை முடிந்து வரும்வரை டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது. ஆளில்லாத வீடு என்றால் வாசல் கதவும் அவருக்குக் குளியலறைக் கதவுதான். கல்யாணமான மறுநாளே மனைவியிடம் மட்டும் சொல்லி, “யார்கிட்டயும் சொல்லிடாத” என்று கெஞ்சினார். அவள் தலையாட்டினாள். அப்புறம் ஒரு முக்காலியை எடுத்துக் குளியலறை வாசலில் போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தவள்தான். காய்ச்சலில் கிடந்தபோதுகூடப் பாயை அந்த வாசலில் விரித்துப் படுத்துக்கொண்டு பேசினாள். மகள் வளர்ந்து, படித்து, வேலைக்காக வேறு ஊர் போய்விட்டாள். முக்காலி மட்டும் இடம் மாறவில்லை.

ஒரு காலையில் வெங்காயத்துக்கும் மிக்ஸிக்கும் நடுவே ஒரு செய்தி வந்தது.

“வெங்காயம் நேத்தைக்கு இன்னிக்கு ஏறிடுச்சு. எங்க கம்பெனில வெளியூர்ல புது யூனிட் திறக்கறாங்களாம், ஆறு மாசம் போய் புதுப் பொண்ணுங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க என்னைக் கேட்டாங்க, திரும்பி வந்தா சூப்பர்வைசராம். முடியாதுன்னு சொல்லிடறேன். எதிர்வீட்டு மிக்ஸி மறுபடி ரிப்பேராம்...”

கண்டக்டர் தலையில் சோப்பு நுரையோடு நின்றார். “ஏன் முடியாது, போயேன்” என்று சொல்ல வாயைத் திறந்தார். நுரை உள்ளே போனது. துப்பிவிட்டு, சொல்லாமலேயே குளித்து முடித்தார். அன்று முழுக்க டிக்கெட் கிழிக்கிற கை பழக்கத்தில் கிழித்தது. மனம் மட்டும் அந்த நுரையிலேயே நின்றது. இரண்டு மாதத்துக்குள் அவள் கம்பெனிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இப்படித்தான் அவர் ஒரு மனநல ஆலோசகரிடம் போனார். டிப்போவில் முட்டி வலி என்று சொல்லிவிட்டு. ஆண்பிள்ளைக்கு முட்டி வலிக்கலாம், இடுப்பு பிடிக்கலாம், பயம் மட்டும் வரக்கூடாது என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியாது. எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள்.

ஆலோசகரின் அறை, மருந்துக்கடைக்கு மேலே, ஒரே ஜன்னலோடு இருந்தது. கண்டக்டர் உள்ளே நுழைந்ததும் வலது கால் செருப்பைக் கழற்றி, கதவு மூடாதபடி இடுக்கில் வைத்தார். ஆலோசகர் அதைப் பார்த்துக்கொண்டார். எல்லாவற்றையும் கேட்ட பிறகு, “அந்தச் செருப்பை எடுத்துட்டா பயம் பத்துக்கு எவ்வளவு இருக்கும் சார்?” என்றார்.

“பதினஞ்சு.”

“பத்துக்கு மேல ஏத்த முடியாது சார். நீங்களே ஓவர்லோடு பண்ணலாமா?”

கண்டக்டருக்குச் சிரிப்பு வந்தது. அந்த அறையில் சிரிப்பு வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

ஆலோசகர் விளக்கினார். பயம் ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு தானாகவே களைத்து இறங்கும். ஆனால் உச்சியில் இருக்கும்போதே நாம் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடுகிறோம், இல்லையென்றால் யாரையாவது பிடித்துக்கொள்கிறோம். அதனால் அது இறங்கும் என்பது நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது. “உங்க மனைவியோட குரலும் இந்தச் செருப்பு மாதிரிதான் சார். கதவை முழுசா மூட விடாது.”

மனைவியைச் செருப்போடு சேர்த்தது கண்டக்டருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அடுத்தடுத்த வாரங்களில் செருப்பு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. இடுக்கு குறைந்தது. ஒருநாள் செருப்பு அவர் காலிலேயே இருந்தது. ஆலோசகர் வெளியே நின்று கதவை மூடினார். உள்ளே கண்டக்டர் நாற்காலியின் கைப்பிடியை முறித்துவிடுவதுபோலப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வியர்வை கண்ணில் இறங்கியது. பயம் உச்சிக்குப் போய், அங்கேயே கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, சொன்னபடியே இறங்கியது.

வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி கஷ்டமானது. அவர் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குளிக்க வேண்டும். மனைவி பேசக் கூடாது. வீட்டிலேயே இருக்கக் கூடாது, தெருவுக்கு இறங்கிப் போய்விட வேண்டும்.

முதல் நாள் அவள் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. கண்டக்டர் தாழ்ப்பாள் போட்டார். சுவர்கள் நாலு அடி உள்ளே வந்து நின்றன. காது அடைத்தது. கை தாழ்ப்பாளுக்குப் போனபோதுதான் கீழே பார்த்தார். கதவுக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடுக்கில் இரண்டு பாதங்களின் நிழல்.

அவள் போகவில்லை. வாசல் கதவை வெறுமனே சாத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்கு வெளியே நிற்கிறாள்.

கண்டக்டருக்கு உயிர் வந்தது. நிம்மதியாகக் குளித்தார். தண்ணீர் நின்றதும் நிழல் நகர்ந்தது, வாசல் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது, “என்னங்க, முடிஞ்சுதா? நான் இப்பதான் வரேன்” என்ற குரலும் வந்தது. “முடிச்சுட்டேன்ல!” என்றார் இவர், பரிசு வாங்கியவர் மாதிரி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு சந்தோஷமாக டீ குடித்தார்கள். மறுநாளும் அதே நாடகம். அதற்கு மறுநாளும்.

“இந்த வாரம் பத்துக்கு எவ்வளவு?” என்றார் ஆலோசகர்.

“ரெண்டு, மூணு இருக்கும் சார்.”

ஆலோசகர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கெட் வாங்காதவன் முகம் எப்படி இருக்கும் என்று கண்டக்டருக்கு நன்றாகத் தெரியும். கூட்டத்தில் அந்த முகத்தைக் கண்டுபிடிப்பதுதான் அவருடைய தொழில். இப்போது அதே முகத்தைத் தான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

“அடுத்த தடவை அம்மாவையும் கூட்டிட்டு வாங்க” என்றார் ஆலோசகர்.

அவள் வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். ஆலோசகர், கண்டக்டர் சொல்லியிருந்ததை வைத்து, மடை திறந்தாற்போல் பேசப்போகிற ஒருத்தியை எதிர்பார்த்திருக்க வேண்டும். கேட்டதற்கு ‘ஆமாம்’, ‘இல்லை’ என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

“கூச்சப்படாம பேசுங்கம்மா. வீட்ல நல்லா பேசுவீங்கன்னு சார் சொன்னாரே?”

அவள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். “எனக்குப் பேச வராது சார்.”

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

“சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். எங்க வீட்ல ஊமைன்னுதான் கூப்பிடுவாங்க. இவருக்குக் குரல் கேக்கணும்னுதான் பேசறேன். என்ன பேசறதுன்னு முந்தின நாளே யோசிச்சு வெச்சுக்குவேன். தையல் மெஷின்ல உக்காந்திருக்கும்போது அதான் வேலை. யார் என்ன சொன்னாங்க, எது விலை ஏறிச்சுன்னு மனசுல அடுக்கிக்குவேன். சில நாள் ஒண்ணுமே கிடைக்காது. அப்ப பயமா இருக்கும், நாளைக்கு எப்படி ஓட்டறதுன்னு.”



“உனக்குப் பேசறது பிடிக்கும்னு நெனச்சேன்” என்றார் கண்டக்டர்.

“எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க. பரவால்லைன்னு விட்டுட்டேன்.”

“புது யூனிட்டுக்குப் போக ஆசை இருக்கா?” என்றார் ஆலோசகர். அவள் கணவனைப் பார்த்தாள். “அவரைப் பாக்காதீங்கம்மா. என்னைப் பாத்து சொல்லுங்க.”

“ஆசைதான் சார்” என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இருவரும் நடந்தே வீடு திரும்பினார்கள். இத்தனை வருடமாகத் தான் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறோம், அவள் வெளியே காவல் இருக்கிறாள் என்றுதான் கண்டக்டர் நினைத்திருந்தார். அவளும்தான் உள்ளே இருந்திருக்கிறாள். அவர் கத்தியபோது யாரும் வரவில்லை என்பது உண்மை. அவளால் கத்தக்கூட முடியவில்லை. அது போதாதென்று டிப்போவில் அவளை வைத்துத் தான் அடித்த ஜோக்குகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து அவர் கன்னத்தில் அறைந்தன. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

கட்டட வாசலில் நின்று, “கம்பெனில சரின்னு சொல்லிடு” என்றார்.

“உங்களுக்கு?”

“பயமாத்தான் இருக்கு. பயந்துக்கிட்டே இருந்து பாக்கறேன்.”

அவள் கிளம்பும் நாளன்று கம்பெனி வேன் கீழே வந்து நின்றது. கண்டக்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். எதிர்வீட்டுக்காரர்கள், கீழ்வீட்டுக்காரர்கள் எல்லோரும் வழியனுப்ப வாசலுக்கு வந்திருந்தார்கள். செயலாளர் முன்னால் நின்றார்.

“என்ன கண்டக்டர் சார், ரேடியோவை வெளியூருக்கு அனுப்பறீங்க போலிருக்கு! இனிமே ஆறு மாசம் நிம்மதியா குளிங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். கண்டக்டரின் வாயிலும் பழக்கத்தில் ஒரு சிரிப்பு தயாராக வந்து நின்றது. அவள் தலையைக் குனிந்துகொண்டு வேன் கதவைப் பிடித்தாள். அவர் பெட்டியைக் கீழே வைத்தார். உள்ளங்கை நனைந்திருந்தது. சாமான் அறைக் கதவைத் திறந்துவிட்டுச் சிரித்த முகங்கள்தான் எதிரே நின்றன. நெஞ்சு படபடவென்று அடித்தது. ஏறட்டும் என்று நின்றார்.

“எனக்குப் பயம் சார்” என்றார். “கதவு மூடினா தனியா இருக்கப் பயம். சின்ன வயசுலேருந்தே. குரல் கேட்டாத்தான் குளிப்பேன். அதுக்காகத்தான் இவ பேசினா. இவ பேசற ஆளே இல்ல. ரேடியோ ரேடியோன்னு நீங்க சிரிச்சீங்க, கூட நானும் சிரிச்சேன். இவ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல.”

யாரும் சிரிக்கவில்லை. செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவள் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். “வரேங்க” என்றாள். அவ்வளவுதான். வேன் கிளம்பிப் போனது.

அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்லிப் பிரயோஜனமில்லை. விளக்கெல்லாம் எரிந்தது. வாசல் கதவு மூடியிருந்தது. அவர் சோபாவில் உட்கார்ந்தே விடியவைத்தார், ஆனால் கதவைத் திறக்கவில்லை.

காலையில் குளியலறைக்குள் போனார். முக்காலியைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. தாழ்ப்பாள் போட்டார். கதவின் அடி இடுக்கைப் பார்த்தார். வெளிச்சம் மட்டும் இருந்தது. மூச்சு முட்ட ஆரம்பித்தது.

அப்போது மேலே, ஜன்னல் இடைவெளியில், ஒருவர் தொண்டையைச் செருமினார்.

“கண்டக்டர் சார்... நான்தான். செயலாளர். ஒண்ணுமில்ல. இன்னிக்குத் தண்ணி லாரி லேட்டாம். வெங்காயம்கூட... வெங்காயம் என்ன விலைன்னு எனக்குத் தெரியல. விசாரிச்சுச் சொல்றேன். மோட்டார் வேற சத்தம் போடுது...”

கண்டக்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். அந்தத் தடுமாறும் குரலைப் பிடித்துக்கொண்டால் போதும், குளித்துவிடலாம். ஆறு மாதமும் ஓட்டிவிடலாம். அவருக்கு அது தெரிந்தது. செயலாளர் நாளைக்கு என்ன பேசுவது என்று யோசித்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதும் தெரிந்தது.

“ரொம்ப நன்றி சார்” என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். “ஆனா பேச வேணாம்.”

“பேச வேணாமா? நிச்சயமா?”

“நிச்சயமா சார். நான் பழகணும்.”

மேலே ஜன்னல் மெதுவாகச் சாத்தப்பட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. பயம் ஏறியது. வெளியூரில் எங்கோ ஒரு அறையில் அவள் இந்நேரம் எழுந்து, யாரோடும் எதுவும் பேச வேண்டிய அவசியமில்லாமல் தலைவாரிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். பயம் இன்னும் ஏறியது. முதல் குவளைத் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார்.