ஒருத்தர்கூட விடுபடலை

பழைய கம்ப்யூட்டரின் மேல் அவள் ஒட்டிய காகிதம் அப்படியே இருந்தது: ‘நான் சரிபார்க்கும் வரை எதையும் அழிக்க வேண்டாம்.’ உள்ளே எல்லாம் அழிந்திருந்தது.

“ஆயிரத்து நானூறு பேரும் புது மெயிலுக்கு வந்தாச்சு மேடம். ஒருத்தர்கூட விடுபடலை,” என்றார் கம்ப்யூட்டர்காரர்.

மருத்துவமனையின் ரத்ததானப் பிரிவு அவள் பொறுப்பு. ரத்தம் கொடுப்பவர்களைப் பழைய மெயிலில் ரத்த வகைவாரியாகக் குழு பிரித்து வைத்திருந்தாள். பேரும் போன் நம்பரும் வந்திருந்தன, குழுக்கள் வரவில்லை. மாடியில் ஓ நெகட்டிவ் ரத்தம் தேவைப்படும் ஒரு பெண்ணுக்கு மூன்று மணிக்கு அறுவை சிகிச்சை.

“இதுல ஓ நெகட்டிவ் யாரு? நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா?”

“பேரை மாத்துற ஃபைல்ல குழுவெல்லாம் ஏறாது மேடம். அது சகஜம்தான்.”

“தெரிஞ்சேதான் அழிச்சீங்களா? இந்தக் காகிதம் கண்ணுல படலையா?”

“பட்டுது... சும்மா எச்சரிக்கைக்குன்னு நினைச்சேன்.”

அவள் காகிதத்தைப் பிய்த்து, பின்பக்கத்தில் ‘ஓ நெகட்டிவ்’ என்று எழுதினாள். தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினாள்.

“எல்லாருக்கும் மெயில் போட்டுப் பதில் வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணு தாங்காது. உட்காருங்க. லிஸ்ட்ல மேலேருந்து ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் கேளுங்க. நான் கீழேருந்து வர்றேன்.”

“ஆயிரத்து நானூறு பேரையுமா மேடம்?”

“ஒருத்தர்கூட விடுபடலைன்னு நீங்கதானே சொன்னீங்க!”