ஆன் பக்கம் தொங்கிய பூட்டு

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் கதவுக்குக் கீல் அடிக்கும் பிரஸ் கம்பெனி ஒன்றில், விஷ்ணு என்கிற பயிற்சி எலெக்ட்ரீஷியன் மூன்றாம் நம்பர் கண்ட்ரோல் பேனலுக்குள் கரண்டாகப் போய்ச் சேர்ந்தது ஒரு வியாழக்கிழமை, ஷிப்டு முடிகிற நேரம். பொறி பறக்கவில்லை, கருகல் வாடை இல்லை, ஒரு ஃபியூஸ்கூடப் போகவில்லை. பேனலின் பின்னால் அவனுடைய ஹெல்மெட்டும், நின்ற வாக்கில் விட்டுப்போன பூட்ஸ் ஜோடியும் இருந்தன. முன்கதவில், எந்த ஒயரும் கொடுக்காமல் சும்மா விட்டிருந்த மஞ்சள் விளக்கு ஒன்று எரிய ஆரம்பித்திருந்தது.

அவனுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவள் ஜெயப்பிரியா. ஆவடியில் டிப்ளமோ படித்தவள், மெயின்டனன்ஸில் சீனியர், புதிதாக வரும் பயிற்சியாளர்கள் எல்லோரும் அவள் பொறுப்பு. முதல் நாள் அவள் கற்றுக்கொடுப்பது ஒயரும் இல்லை, ரிலேயும் இல்லை, பூட்டு. ஆளுக்கொரு பூட்டு, அதில் அவரவர் பெயர். பேனலைத் தொடுவதற்கு முன்னால் மெயின் சுவிட்சை ஆஃப் செய்து, தன் பூட்டை அதில் மாட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். நாலு பேர் வேலை செய்தால் நாலு பூட்டு தொங்கும். கடைசிப் பூட்டு கழன்றால்தான் கரண்டு. ஒருவர் பூட்டை இன்னொருவர் திறக்கக் கூடாது, முதலாளியே வந்து நின்றாலும். இந்த விஷயத்தில் அவள் பொல்லாதவள். பூட்டு எடுத்து வராதவனை அப்படியே ஊட்டுக்குத் திருப்பி அனுப்புகிறவள் என்று பெயர் வாங்கியிருந்தாள்.

அந்த வியாழக்கிழமை விஷ்ணுவின் பூட்டு அண்ணனூரில், அவன் வீட்டு ஆணியில் தொங்கியது. மூன்றாம் பிரஸ் லைன் காலையிலிருந்து நின்றுகிடந்தது. மேனேஜர் ரவிச்சந்திரன் பக்கத்திலேயே நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். என் பூட்டுதான் தொங்குதே, அது போதும், நீ பின்னால போ என்று ஜெயப்பிரியாவே சொன்னாள். சொன்ன வாய் அவளுடையதுதான், அதில் சந்தேகம் இல்லை. முன்பக்க வேலை முடிந்ததும் அவன் கை கழுவப் போயிருப்பான் என்று நினைத்துத் தன் பூட்டைக் கழற்றினாள். சுவிட்சைப் போட்டாள். பிரஸ் ஓடியது, எல்லோரும் கைதட்டினார்கள்.

பூட்ஸைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் போய்விட்டது. சுவிட்சை அணைக்கக் கையைக் கொண்டுபோனாள். மஞ்சள் விளக்கு படபடவென்று அடித்துக்கொண்டது. கையை எடுத்தாள், நிதானமாக எரிந்தது. மறுபடி கொண்டுபோனாள், மறுபடி அடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து எஸ்டேட்டில் ஒரு ஃபேஸ் போய் வோல்டேஜ் இறங்க, விளக்கு மங்கியது. பேனலுக்குள்ளிருந்து அடிபட்ட ஆள் முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. வோல்டேஜ் ஏறியதும் சத்தம் நின்றது. கரண்டுதான் இனி அவனுக்கு மூச்சு என்று ஜெயப்பிரியா அந்த இடத்திலேயே முடிவுகட்டினாள். அந்தச் சுவிட்சில் ஆன் பக்கமும் பூட்டு மாட்ட ஒரு ஓட்டை உண்டு. யாரும் எதற்கும் பயன்படுத்தாத ஓட்டை. தன் பூட்டை அதில் மாட்டிப் பூட்டினாள்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் பேனலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பையன் வேலை செய்யும் இடத்தில்தான் இருக்கிறான், ஆகவே காணாமல் போனதாக எழுத முடியாது என்று டீ குடித்துவிட்டுப் போனார். கம்பெனிக்கும் குறை இல்லை. அவன் உள்ளே போனதிலிருந்து மூன்றாம் லைன் ஒருமுறைகூட நிற்கவில்லை. விஷ்ணுவின் அம்மா அஞ்சலை மட்டும் தினமும் மத்தியானம் டிபன் கேரியரோடு வந்து பேனல் எதிரில் உட்கார்ந்தாள். தெருவில் யார் யாரோடு சண்டை, குழாயில் தண்ணீர் வந்ததா என்றெல்லாம் சொன்னாள். பசிக்குதா நைனா என்று அவள் கேட்கும்போது மட்டும் விளக்கு ஒருமுறை சிமிட்டும். ஆறிய சோற்றை எடுத்துக்கொண்டு போகும்போது ஜெயப்பிரியாவின் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"எம்மா, கரண்ட்டு போச்சின்னா எம்புள்ள போய்டும்ன்றாங்க. உன்னத்தான் நம்பிக்கினு கீறேன்."

இதைக் கேட்ட பிறகு ஒரு மனுஷி எப்படித் தூங்குவாள்? ஐயப்பன்தாங்கலில் அவள் இருந்த ஃபிளாட்டில் லைட் லேசாகத் துடித்தாலும் எழுந்து கம்பெனி வாட்ச்மேனுக்குப் போன் அடித்தாள். பேனலுக்கு யூபிஎஸ் வைத்தாள், பேட்டரிகளைத் தன் ஸ்கூட்டியிலேயே சுமந்து வந்தாள். மாதாந்திர மின்தடை நாளில் ஜெனரேட்டர் பக்கத்தில் டீசல் கேனோடு காவல் இருந்தாள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்த நல்ல வேலையை வேண்டாம் என்றாள். பெண் பார்க்க வந்தவர்களையும் அப்படியே திருப்பினாள். ஆயுத பூஜை அன்று எஸ்டேட் முழுக்க மெஷின்களை நிறுத்திப் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைத்தபோது, மூன்றாம் பேனலுக்கு மட்டும் ஓடுகிற நிலையிலேயே மாலை விழுந்தது. அடுத்த வருஷமும் அப்படித்தான். அவளுக்கு முன்நெற்றி முடி நரைத்தது. உள்ளே இருப்பவன் அவன் என்று பெயர்தான், பூட்டில் மாட்டிக்கொண்டது அவள்.

புது பேட்ச்சில் நெமிலிச்சேரி கோதண்டம் வந்து சேர்ந்தார். நிலத்தை விற்ற குடும்பம். முப்பத்தெட்டு வயதில் ஒயர் உரிக்கக் கற்றுக்கொண்ட மனிதர். பூட்டுப் பாடம் முடிந்ததும் எழுந்து நின்று ஒரு சந்தேகம் கேட்டார்.

"யாருனா மாட்டிக்கினா மொதல்ல மெயின ஆஃப் பண்ணணும்னு இப்பத்தானம்மா சொன்னே. இந்தப் பையனுக்கு மட்டும் இன்னாத்துக்கு ஆன்ல பூட்டு?"

ஜெயப்பிரியா எரிந்து விழுந்தாள். அது கரண்டில் மாட்டிக்கொண்ட ஆளுக்கு, இவன் கரண்டாகவே ஆனவன், தெரியாத விஷயத்தில் வாயை விடாதீங்கண்ணே என்றாள். கோதண்டம் உட்கார்ந்துவிட்டார்.

டிசம்பரில் விடாமல் மழை பெய்து, ஏரித் தண்ணீர் எஸ்டேட்டுக்குள் வந்தது. காலையில் முழங்கால் அளவு நின்ற தண்ணீர் பத்து மணிக்குள் இடுப்புக்கு ஏறியது. எஸ்டேட்டுக்கு வரும் கரண்டை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஜெனரேட்டர் முழுகிப்போனது. மேஜைமேல் ஏற்றிவைத்த யூபிஎஸ் மட்டும் பேனலுக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் நிற்காதே, ஷாக் அடிக்கும் என்று கோதண்டம் தோளைப் பிடித்து இழுத்தும் ஜெயப்பிரியா நகரவில்லை. அஞ்சலை கேரியரைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் நடந்தே வந்துவிட்டாள். பேட்டரி இறங்குகிற பீப் சத்தம் நெருங்கி நெருங்கி வந்தது. நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன் என்று ஜெயப்பிரியா பேனல் கதவில் தலையை முட்டிக்கொண்டாள். பீப் நின்றது. மஞ்சள் விளக்கு அணைந்தது. அப்படியே கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள்.

பேனலின் பின்கதவை யாரோ உள்ளிருந்து தட்டினார்கள்.

கோதண்டம்தான் போய்த் திறந்தார். விஷ்ணு வெளியே வந்தான். அதே சட்டை, மழிக்காத அதே ரெண்டு நாள் தாடி, காலில் வெறும் சாக்ஸ். தண்ணீரைப் பார்த்துக் கொஞ்சம் முழித்தான். பிறகு ஜெயப்பிரியாவைத் தேடிப் பார்த்துக் கேட்டான். அவன் குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான்.

"எத்தினி வாட்டிக்கா சொல்றது? நீ மெயின்ல கைய வெக்கிறப்பல்லாம், அதான், அதத்தான் ஆஃப் பண்ணுன்னு அடிச்சிகினேன். நீ கைய எடுத்துக்கினே."

அஞ்சலை இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. கேரியரைத் திறந்தாள். அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே சாப்பிட்டான், ஒரு பருக்கை விடவில்லை. ஜெயப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கோதண்டம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றும் சரி, பிறகும் சரி, அவர் அந்தப் பழைய கேள்வியை நினைவுபடுத்தவில்லை.

தண்ணீர் வடிந்து கம்பெனி திறந்ததும், பயிற்சிக் காலம் பாதியில் நின்றிருப்பதால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று விஷ்ணுவுக்குச் சொன்னார்கள். மூன்றாம் லைன் மற்ற லைன்களைப் போலவே வாரத்துக்கு ரெண்டு தடவை நிற்க ஆரம்பித்தது. ரவிச்சந்திரனுக்கு அதில் வருத்தம்தான். ஆன் பக்கம் துருப்பிடித்துத் தொங்கிய பூட்டை வேறு யாரும் தொடவில்லை, பூட்டியவள்தான் திறக்க வேண்டும் என்பது வழக்கம். அவள் எண்ணெய் விட்டு விட்டு ஒரு முழு மத்தியானம் போராடித் திறந்தாள்.

இப்போதும் பயிற்சியாளர்களுக்கு அவள்தான் பூட்டுப் பாடம் நடத்துகிறாள். விஷ்ணு பேனலுக்குப் பின்னால் போகிறபோதெல்லாம் மெயினை ஆஃப் செய்து தன் பூட்டை மாட்டுகிறான். மாட்டிவிட்டு ஜெயப்பிரியாவின் பக்கம் கையை நீட்டுகிறான். அவளும் பக்கத்தில் தன் பூட்டை மாட்டி, அதன் சாவியை அவனிடமே கொடுத்துவிடுகிறாள். ரெண்டையும் சட்டைப் பையில் போட்டுப் பித்தானை மாட்டிக்கொண்டு அவன் உள்ளே போகிறான்.