அன்ரனெற்றுக்கு ஒரு வேலைக் கடிதம்

பெப்ரவரி மாதத்தில் கனடாவின் றிச்மண்ட் ஹில் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கு உப்புத்தான் எதிரி. பனி உருகுவதற்காக வீதியில் கொட்டுகிற உப்பு சப்பாத்துகளோடு உள்ளே வந்து, பளிங்குத் தரையில் காய்ந்து, வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும். அன்ரனெற் சுடுதண்ணீரில் கொஞ்சம் வினாகிரி கலந்து, முழங்காலில் நின்று, ஒவ்வொரு சதுரமாகத் துடைத்துக்கொண்டு வந்தாள். மொப் போட்டால் கோடு விழுகிறது என்று மேடம் சொல்லியிருந்தார்.

வாசல் மணி அடித்தது. செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை. அவள் பார்த்துக்கொள்கிற பிள்ளை, எட்டு வயது எமிலி, பள்ளிக்கூடம் போய்விட்டது. எமிலியின் தாய் மேல்மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு சீனத்தில் யாரோடோ தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். அவரைத்தான் அன்ரனெற் மேடம் என்பாள். அவள் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் வெள்ளைக்காரன், கையில் ஒரு கோப்பு. மற்றவன் சீனன், நல்ல கறுப்புக் கோட்டு. பின்னால் சாம்பல் நிறக் கார் ஒன்று இயந்திரத்தை நிறுத்தாமல் நின்றது.

"இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று வெள்ளைக்காரன் மெதுவான ஆங்கிலத்தில் கேட்டான்.

பதினெட்டு வருடங்களுக்கு முன்னர், மன்னார்க் கடற்கரை ஊரான பேசாலையில், மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேரும் இதையேதான் கேட்டார்கள். அன்றைக்கு அவள் உண்மையைச் சொன்னாள். தன்னுடைய மனுசன் கடலுக்குப் போய்விட்டார், நாலு மணிக்கு வருவார் என்று, மீன் வாங்க வந்தவர்களுக்குச் சொல்வதைப் போலச் சொன்னாள். அவர்கள் நாலு மணிக்கு வந்தார்கள். மகள் கரோலினுக்கு அப்போது மூன்று வயது. அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும், எந்த வீட்டைப் பற்றிக் கேட்டாலும், அன்ரனெற் வாய் திறந்து உண்மை சொன்னதில்லை.

"ஒருத்தரும் இல்லை" என்றாள், குவைத்தில் வீட்டுவேலை செய்த காலத்தில் படித்த ஆங்கிலத்தில். "நான் கிழமைக்கு ஒருநாள் துப்பரவாக்க வருகிற ஆள். எனக்கு ஒன்றும் தெரியாது."

கோட்டுக்காரன் ஒரு படத்தை நீட்டினான். மேடையொன்றில் மேடமும் அவருடைய கணவரும் நின்றார்கள். "இவர்களைக் கண்டிருக்கிறாயா?"

"இல்லை."

வெள்ளைக்காரன் அவள் சொன்னதை ஒரு தாளில் எழுதி, ஒருமுறை வாசித்துக் காட்டி, பேனாவைக் கொடுத்தான். அவள் யோசிக்கவேயில்லை. மன்னாரிலிருந்து வவுனியா வரைக்கும் சோதனைச்சாவடிகளில் எத்தனை தாளில் ஒப்பம் வைத்திருப்பாள்! ஒப்பம் வைத்தால் போய்விடுவார்கள். அவளுக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான். அவர்களும் போய்விட்டார்கள்.

திரும்பினால் மேடம் மாடிப்படியில் நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். இறங்கி வந்து அன்ரனெற்றின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீ நல்லவள், நீ மிகவும் நல்லவள்" என்றார். இரண்டு வருடத்தில் அவர் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அன்ரனெற்றுக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்குக் காப்பாற்ற முடியாமல் போன வீட்டை இன்றைக்குக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு, மிச்சத் தரையையும் துடைத்து முடித்தாள். மடைச்சி.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் அவள் மோர்னிங்சைட்டில் இருக்கிற பஸ்ரியன் வீட்டுக்குப் போவாள். பஸ்ரியன் அவளுடைய பெரியம்மா மகன். பாண் பேக்கரியில் இரவு வேலை செய்கிறவர். கண் எப்போதும் சிவந்திருக்கும், வாய் எப்போதும் சும்மா இராது. அந்த ஞாயிறு, செவ்வாய்க்கிழமை நடந்ததை அவள் சொல்லக் கேட்டுவிட்டு, மீன் குழம்பில் இருந்த கையை அப்படியே நிறுத்தினார்.

"ஒப்பம் வைச்சனியோ? என்ன தாளெண்டு பாத்தனியோ?"

"வாசிச்சுக் காட்டினவங்கள் அண்ணை. நான் சொன்னதைத்தான் எழுதினவங்கள்."

"நீ சொன்னது பொய்யெல்லோ, பிள்ளை!"

அன்ரனெற் அவருடைய தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

"உன்ர மேடத்தின்ர மனுசன் அங்கை என்ன உத்தியோகம்?"

"ஏதோ பெரிய நகரமொண்டுக்குத் துணை மேயராம்."

"துணை மேயரின்ர சம்பளத்திலையோ றிச்மண்ட் ஹில்லில ஆறு அறை வீடு? கம்யூனிஸ்ட் நாடெண்டால் எல்லாருக்கும் ஒரே அளவு சோறு எண்டெல்லோ எங்களுக்குச் சின்னனில கூட்டம் வைச்சுச் சொன்னவை." பஸ்ரியன் சிரித்தார். "இப்ப அங்கை புதுசா வந்த தலைவர்மார் ஊழல் பிடிக்கினமாம். ரீவியில ஒவ்வொரு நாளும் போகுது. வெளிநாட்டில ஒளிச்சு வைச்ச வீடு வாசலையும் தேடித் திரியினமாம். அவங்கள்தான் ஆள் அனுப்பியிருக்கிறாங்கள்."

"மேடத்தின்ர மனுசனே ஊழலுக்கு எதிராத்தானண்ணை பேசினவர். மேடம் எனக்கு வீடியோ காட்டினவா. சனம் முழுக்க எழும்பி நிண்டு கை தட்டுது."

"தட்டாட்டி கை மிஞ்சுமோ அங்கை? சரி, அதை விடு. உன்ர கடிதத்தை முதல்ல வாங்கு. நாளைக்கே வாங்கு. எனக்கு உந்த மனுசியில நம்பிக்கையில்லை."

அன்ரனெற் கனடாவுக்கு வந்ததே அந்தக் கடிதத்துக்காகத்தான். பிள்ளை பராமரிக்கிறவர்களுக்கான வேலை அனுமதிப் பேர்மிற்றில் வந்தவள். அதில் முதலாளியின் பெயர் இருக்காது, தொழில்தான் இருக்கும். இரண்டு வருடம் முழுநேரமாக வேலை செய்தேன் என்று முதலாளி ஒப்பமிட்ட கடிதம் போனால், அவளுக்கும் கரோலினுக்கும் நிரந்தர விசா. மே பதினைந்துக்குள் போகவேண்டும். போகாவிட்டால் கோப்பு மூடப்படும். கரோலினுக்கு ஜூனில் இருபத்திரண்டு வயது. புதுக்கோப்பு போட்டால் அவள் பிள்ளைக் கணக்கில் வரமாட்டாள். பேசாலையில் தனியாகவே இருக்கவேண்டியதுதான்.

ஆரம்பத்தில் எல்லாம் சந்தேகமாகத்தான் இருந்தது. மார்க்கம் நகரில் இருந்த, வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்சிக்காரி, "உன்னை ஏன் எடுத்தார்கள் தெரியுமா? சீனம் தெரியாத ஆள்தான் வேண்டுமாம்" என்று சிரித்தபடி சொன்னாள். சம்பளம் கடித உறைக்குள் காசாக வரும். பற்றுச்சீட்டு கேட்டால், "இரண்டு வருடம் முடியட்டும், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதித் தருகிறேன்" என்பார் மேடம். எமிலியைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குவதுகூட ஒரு வாடகைக் கார்க்காரன்தான். இந்த மனுசி எந்தத் தாளிலும் யாருடைய பெயரையும் வரவிடுவதில்லையே என்று அன்ரனெற் அப்போதே நினைத்தாள். நினைத்துவிட்டு எமிலிக்குச் சீப்பால் தலை இழுத்துவிடப் போனாள். பிள்ளை அவளோடுதான் ஒட்டிக்கொண்டு திரிந்தது. அதைப் பார்த்துத் தாய்க்காரி ஏமாற்றமாட்டாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவள் கடிதத்தைக் கேட்க வாயெடுக்க முந்தியே மேடம் தேநீரோடு கீழே வந்தார். அன்ரனெற் படுத்தெழும்புகிற அறை கீழ்த்தளத்தில், வீட்டைச் சூடாக்கும் உலைக்குப் பக்கத்தில் இருந்தது. மேடம் அங்கே வந்ததேயில்லை. கட்டிலின் நுனியில் இருந்துகொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"அவர்கள் திரும்பி வருவார்கள். கிழமைக்கு ஒருநாள் வருகிறவள் என்று நீ ஒப்பம் வைத்திருக்கிறாய். இந்த அறையைக் கண்டால் நீ பொய் சொன்னதாகிவிடும். கனடாவில் அது குற்றம். உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்."

"என்னுடைய கடிதம், மேடம்?"

"நிச்சயம் தருவேன். இரண்டு கிழமை உன் அண்ணன் வீட்டில் இரு. நான் கூப்பிடுவேன். அறையில் ஒன்றும் இருக்கக்கூடாது, சரியா?"

அன்ரனெற் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். கட்டிலைக் கழற்றி வெளியே கொண்டுபோய் வைத்தாள். மடு மாதா படத்தையும் கரோலினின் படங்களையும் சுவரிலிருந்து எடுத்தாள். ஆணி ஓட்டைகளைப் பற்பசையால் அடைத்துத் தேய்த்தாள். தலைமயிர் ஒன்றுகூட இல்லாமல் மூலைமூலையாகத் துடைத்தாள். எமிலி வாசலில் நின்று, "எப்போது வருவாய்?" என்று கேட்டது. "பதினாலு நாள்" என்று விரலால் காட்டினாள். இரண்டு பைகளோடு பஸ்ரியனின் காரில் ஏறும்போது, மேடம் யன்னல் சீலையை இழுத்துவிடுவது தெரிந்தது.

பதினாலு நாள் போயிற்று. இருபதாம் நாள் மேடத்தின் தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை. மார்ச் கடைசியில் பஸ்ரியன் அவளை றிச்மண்ட் ஹில்லுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் புதுப் பூட்டு. கதவில் நீதிமன்ற அறிவித்தல் ஒன்று ஒட்டியிருந்தது.

"நான் சொன்னனானெல்லோ" என்றார் பஸ்ரியன். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கார்க் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

ஸ்கார்பரோவில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே நிசாந்தனின் அலுவலகம். குடிவரவுக் கோப்புகள் நிரப்புகிற பொடியன். இங்கே பிறந்தவன், நல்ல மனம், தமிழ் பாதி இங்கிலிஷ் பாதி. ஏப்ரல் முழுக்க அவளுக்காக அலைந்தான். நடுப்பகுதியில் ஒருநாள் கூப்பிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு இருத்தினான்.

"அன்ரி, லிசின். அந்த வீட்டுக்கு இஞ்ச கோர்ட்டில ஒரு கேஸ் நடக்குது. சைனாவில இருந்து அந்தச் சிற்றி கவுண்மன்ற் போட்டது. துணை மேயர் களவெடுத்த காசில வாங்கின வீடு, திருப்பித் தா எண்டு. ஓக்கே? நான் மேடத்தின்ர லோயருக்குக் கடிதம் கேட்டு எழுதினன். இது அவையின்ர பதில்."

"என்ன எழுதியிருக்கினம் தம்பி?"

"தங்கட கிளையன்ற் உங்களை ஒருநாளும் வேலைக்கு வைச்சிருக்கேல்லையாம். சம்பளம் குடுத்ததெண்டு ஒத்துக்கொண்டா, அந்தக் காசு எங்கால வந்ததெண்டு கேப்பினமெல்லோ." அவன் அவளைப் பார்க்காமல் அடுத்த தாளைத் தள்ளினான். "மற்றப் பக்கம் கோர்ட்டில குடுத்த பேப்பர் இது. இதைத்தான் புறூஃபா வைச்சிருக்கினம். இது உங்கட சைன்தானே?"

அவளுடைய ஒப்பம்தான். கொன்வென்ற் பள்ளிக்கூடத்தில் பழகிய வட்ட எழுத்து. கிழமைக்கு ஒருநாள் துப்பரவாக்க வருகிறேன். இந்த வீட்டில் யாரும் இல்லை. படத்தில் உள்ளவர்களை நான் கண்டதில்லை.

"அவவைக் காப்பாத்தத்தானே தம்பி சொன்னனான்!" அன்ரனெற் தாளைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினாள். "அவவுக்கு அது தெரியும். என்ரை கையைப் பிடிச்சவ."

"ஐ நோ, அன்ரி. ஆனா இப்ப பஸ்ரியன் அங்கிள் வந்து சாட்சி சொன்னாலும் உங்கட சைன்தான் முன்னுக்கு நிக்கும். அதைவிடப் பெரிய எவிடன்ஸ் எங்களுக்கு வேணும்."

"அவங்களைக் கேட்டால் என்ன? ஊழல் பிடிக்கிற ஆக்களை? நியாயம் கேக்கிற ஆக்களெல்லோ. நான் பொய்தான் சொன்னனான், அவ அங்கதான் இருந்தவ எண்டு சொல்லுறன்."

நிசாந்தன் கேட்டும் பார்த்தான். சீன நகரத்துப் பக்கத்து லோயர் மரியாதையாகத்தான் பதில் எழுதினார். வழக்கு முடிந்துவிட்டதாம். துணை மேயர் குற்றத்தை ஒப்புக்கொண்டு வீட்டை ஒப்படைத்துவிட்டார். ஒப்புக்கொண்டதால் அவருக்குத் தண்டனை குறையுமாம். மார்க்கம் நகரில் இருக்கிற இன்னொரு சிறிய வீடு மேடத்தின் சொந்தப் பணத்தில் வாங்கியதென்று இரு பகுதியும் ஏற்றுக்கொண்டுவிட்டது. மேடமும் எமிலியும் அங்கே இருப்பார்கள். எந்தப் பகுதியும் இனி எதையும் கிளறுவதில்லை என்று ஒப்பந்தம். அந்த நகரத்தின் புது மேயர், பறிபோனது மக்களிடம் திரும்பிவிட்டது என்று மேடையில் பேசுகிற படத்தை நிசாந்தன் தொலைபேசியில் காட்டினான். சனம் எழும்பி நின்றது.

மே பன்னிரண்டாம் தேதி அவன் திரும்பவும் கூப்பிட்டான். குரலில் கொஞ்சம் உற்சாகம் இருந்தது. வீட்டை ஒப்படைக்கும்போது உள்ளே இருந்த ஒவ்வொரு பொருளையும் எண்ணி, அறை அறையாகப் படம் எடுத்து, நீதிமன்றத்துக்கு ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்களாம்.

"நாப்பத்தொரு பக்கம், அன்ரி. உங்கட சாமான் எதாவது, ஒரு போட்டோ, ஒரு மருந்துப் போத்தல், எது தெரிஞ்சாலும் நிப்பாட்டுங்கோ."

அன்ரனெற் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டக் குனிந்தாள். பியானோ ஒன்று. வைன் போத்தல்கள் நூற்றுப்பதினாறு. பெண்கள் சப்பாத்து இருநூற்றுப் பன்னிரண்டு சோடி. கைப்பைகள், ஒவ்வொன்றுக்கும் தனிப் படம். எமிலியின் நாய்க்குட்டி போன வருடமே செத்துப்போயிற்று, அது படுத்த மெத்தை மட்டும் மிச்சம். அதற்கும் ஒரு படம் எடுத்து, நாய்க் கட்டில், ஒன்று, எண்பது டொலர் என்று எழுதியிருந்தார்கள்.

"வடிவாப் பாருங்கோ" என்றான் நிசாந்தன்.

முப்பத்தெட்டாம் பக்கத்தில் கீழ்த்தளம் வந்தது. உலைக்குப் பக்கத்து அறை. நாலு வெள்ளைச் சுவர், பளபளவென்று தரை, கூரையில் ஒரு மின்குமிழ். கீழே ஒரே ஒரு வரி.

"வெற்றுக் களஞ்சிய அறை, பாவிக்கப்பட்ட அடையாளம் இல்லை" என்று வாசித்துவிட்டு, நிசாந்தன் படத்தைப் பெரிதாக்கினான். இடது மூலையைப் பார்த்தான். வலது மூலையைப் பார்த்தான். கதவின் அடியைப் பார்த்தான்.

"இதுவோ அன்ரி, உங்கட அறை?"

"ஓம், தம்பி" என்றாள் அன்ரனெற். "நான்தான் துடைச்சனான்."

அவன் அடுத்த பக்கத்தைத் தட்டினான். கராஜ் தொடங்கியது. குளிர்கால டயர்கள், நான்கு.