கிடர்பூரில் வெட்டிய மரங்கள்

பன்னீர்செல்வம் அந்த வண்டை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஜூன் மாதம், மழை பிடித்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

"ஸ்கூட்டர் சீட்டுல தினம் மரத்தூள் கொட்டிக் கிடக்குது, தீதி. அண்ணாந்து பார்த்தா மரமெல்லாம் ஓட்டை. ஒண்ணுலேர்ந்து இது வெளிய வந்துச்சு."

கிடர்பூரில் பிறந்து வளர்ந்தவர், துறைமுகத்தில் குமாஸ்தா. மாதங்கியை, அக்கா என்பதற்கு, வங்காளிகள் மாதிரி தீதி என்றுதான் கூப்பிடுவார். அவள் பூச்சியியல் ஆராய்ச்சியாளர். ஞாயிற்றுக்கிழமை பறவை பார்க்கப் போகும் கூட்டத்தில் பழக்கம். துறைமுக லாரி நிறுத்தத்தை ஒட்டிய தூங்குமூஞ்சி மரங்களில் வக்காவும் கொக்கும் கூடு கட்டும். அந்தக் கூடுகளைப் பன்னிரண்டு வருஷமாக ஒரு மழைக்காலம் விடாமல் எண்ணிவந்தவர் அவர்.

வண்டு சுண்டுவிரல் நீளம் இருந்தது. உணர்கொம்புகள் உடம்பைவிட நீளம். மாதங்கி அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். இந்த நாட்டுப் பூச்சியே இல்லை. கப்பலில் இறங்கிய மரத்தடிக்குள் புழுவாக வந்திருக்க வேண்டும். சொந்தக் காட்டில் அது பெரிய தொல்லை இல்லை. குளிர் அதை மெதுவாக வளரவிடும், அதன் புழுவைத் தின்னும் குளவிகளும் அங்கே உண்டு. இங்கே குளிரும் இல்லை, அந்தக் குளவியும் இல்லை. அங்கே இரண்டு வருஷத்தில் வளர்வது இங்கே ஒரே வருஷத்தில் வளர்ந்துவிடும்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். சொன்னால் மரங்களை வெட்டிவிடுவார்கள் என்று தெரியும். மூன்றாம் நாள் எழுதிக் கொடுத்தாள்.

கூட்டம் போட்டார்கள். மஹாதேவன் என்ற தாவரப் பாதுகாப்பு அதிகாரி தலைமை. மாதங்கிதான் கூடுகளைப் பற்றிச் சொன்னாள். குஞ்சுகள் பறக்க இன்னும் ஆறு வாரமாவது ஆகும்.

"மரத்துக்குள்ள இருக்கிற மிச்ச வண்டும் வெளிய வர எத்தனை நாள்?" என்று கேட்டார் அவர்.

"மூணு வாரம்."

"அப்ப நீங்களே சொல்லுங்கோ. காத்திருக்கலாமா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். "கூடாது," என்றாள்.

ஜூலை முதல் வாரம் நாற்பத்து மூன்று மரங்களை வெட்டினார்கள். மழையிலும் ரம்பம் ஓடியது. ஒவ்வொரு கிளை விழும்போதும் குஞ்சுகள் சேற்றில் தெறித்தன. சில இறகு முளைக்காதவை. பன்னீர்செல்வம் லீவு போட்டுவிட்டு அட்டைப்பெட்டிகளோடு ஓடிக்கொண்டிருந்தார். பெட்டியில் போட்டவற்றிலும் முக்கால்வாசி அன்று சாயங்காலத்துக்குள் செத்துப்போயின. தாய்ப் பறவைகள் மூன்று நாள், மரமே இல்லாத இடத்துக்கு இரை கொண்டுவந்து சுற்றிக்கொண்டிருந்தன.

மாதங்கி அவர் பக்கத்தில் போய் நின்றாள். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"நான்தானே டப்பாவுல போட்டுக் கொண்டாந்து குடுத்தேன்," என்றார் அவர். அதற்கப்புறம் அவளுக்கு அவர் போன் செய்யவில்லை.

வெட்டிய மரத்தை அங்கேயே எரிக்க வேண்டும் என்று உத்தரவு. ஈர மரம் மழையில் பற்றவில்லை. காண்டிராக்டர் எரித்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்டான். அவளும் போய்ப் பார்க்கவில்லை. போக மனசு வரவில்லை.

அடுத்த ஏப்ரலில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சாந்த்ராகாச்சியிலிருந்து ஒரு ரயில்வே இன்ஜினியர் கூப்பிட்டார். யார்டை ஒட்டிய மரங்களிலிருந்து தூள் கொட்டுகிறதாம். போனாள். யார்டுக்குப் பின்னால் ஒரு விறகுக்கடை. மழைக்கு மூடிய தார்ப்பாயை விலக்கினால் தூங்குமூஞ்சித் தடிகள். கிடர்பூரில் வெட்டும்போது அவளே அடித்த மஞ்சள் பெயிண்ட் நம்பர்கள் அவற்றில் அழியாமல் இருந்தன. எல்லாத் தடியிலும் வட்ட வட்டமாக ஓட்டை. வண்டுகள் போன வருஷமே பறந்துவிட்டன. அவள் வெட்டச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தத் தடிகள் ஆற்றைத் தாண்டி வந்திருக்காது.

அன்றைக்கே பன்னீர்செல்வத்துக்குப் போன் செய்தாள். வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். தடிகளைப் பார்த்தார், யார்டு மரங்களைப் பார்த்தார்.

"இங்கயும் வெட்டணுமா?"

"வெட்டணும்."

"வெட்டினா நின்னுடுமா?"

"தெரியலை, பன்னீர் சார்."

அவர் ஒவ்வொரு கிளையாக அண்ணாந்து பார்த்தார். "கொக்குங்க இன்னும் கூடு கட்ட ஆரம்பிக்கல. கட்டறதுக்கு முன்னாடி வெட்டச் சொல்லுங்க தீதி. இந்த மாசமே."

அவர் வாயால் அதைக் கேட்க அவளுக்குக் கூசியது. அங்கிருந்தே மஹாதேவனைக் கூப்பிட்டாள். மறுநாள் எழுதியும் கொடுத்தாள். ஃபைல் ரயில்வேக்குப் போனது, வனத்துறைக்குப் போனது, திரும்பி வந்தது. ஜூனில் கொக்குகள் சுள்ளி சுமக்க ஆரம்பித்தன.

அனுமதிக் கடிதம் ஜூலை இருபத்திரண்டாம் தேதி வந்தது. அதற்கு ஒன்பது நாள் முன்பே, ரயில் பாதையில் மேற்கே மூன்று மணி நேரம் தள்ளியிருக்கும் ஜார்கிராம் காட்டிலிருந்து ஒரு வனக்காவலர் படம் அனுப்பியிருந்தார். சால் மரத்தின் அடியில் முழங்கால் உயரத்துக்கு மரத்தூள். பட்டையில் உட்கார்ந்திருந்தது அதே வண்டு.

மாதங்கி அனுமதிக் கடிதத்துக்குப் பதில் எழுதினாள். வண்டு காட்டுக்கே போய்விட்டது, சாந்த்ராகாச்சி மரங்களை வெட்டுவதால் இனிப் பயன் இல்லை, விட்டுவிடலாம். எழுதிவிட்டுப் பன்னீர்செல்வத்திடம் சொன்னாள்.

"அப்ப குஞ்சுங்க பறந்துடும்," என்றார்.

"இந்த வருஷம் பறந்துடும்."

வண்டு அரித்து அந்த மரங்கள் பட்டுப்போக எத்தனை வருஷம் ஆகும் என்று அவர் கேட்கவில்லை. மூன்று என்று அவளும் சொல்லவில்லை.