சிவப்பு விளிம்பு

பிக்கு தாள்சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். விரல் நீளச் சுருள். அதன் மேல்முனையை உற்றுப் பார்த்துவிட்டு, தட்டில் வைக்காமல் தரையில் வைத்தார். அடுத்ததும் தரைக்குப் போனது.

"என்ன சாமி?" என்றார் அத்தை, என் மாமியார்.

"தலைகீழா இருக்கும்மா."

"திருப்பி வச்சாப் போச்சு."

"திருப்பினாலும் பாதி தலைகீழாத்தான் இருக்கும். நீங்களே பாருங்க."

என் மனைவியின் வீட்டார் பௌத்தர்கள். எங்கள் படுக்கையறை அலமாரியில் ஒரு அடுக்கைக் காலி செய்து அவள் இரண்டு உருவங்களை வாங்கி வைத்தாள். புத்தர் ஒன்று, தாரை என்ற பெண் தெய்வம் ஒன்று. பித்தளை, உள்ளே வெற்று. மந்திரம் அச்சிட்ட தாள்பட்டைகளை இறுக்கிச் சுருட்டி உள்ளே நிரப்பி, அடிப்பக்கத்தைத் தகட்டால் மூடி, பிக்கு ஓதி முடித்தால்தான் வணங்கலாம். அதுவரை கடைச்சரக்கு. புத்தருக்கானதைப் பிக்குவே கொண்டுவந்தார். காலையிலேயே நிரப்பி மூடியாகிவிட்டது. தாரைக்கானதை நானே சுருட்டுவேன் என்று அவள் அடம்பிடித்தாள். முதலில் மேசையில் சுருட்டினாள், பிறகு கட்டிலில், கடைசியில் ஆஸ்பத்திரியில்.

எழுத்தின் தலைப்பக்கம் தெரிவதற்காக ஒவ்வொரு பட்டையின் மேல்விளிம்பிலும் சிவப்பு பூசியிருக்கும். ஒன்றோடொன்று ஒட்டிச் சுருட்டும்போது சிவப்பெல்லாம் ஒரே பக்கம் வர வேண்டும். ஆரம்பத்தில் அவள் சுருட்டியவற்றின் மேல்முனை முழுக்கச் சிவப்பு. ஆஸ்பத்திரியில் சுருட்டியவற்றில் சிவப்பு வளையம், வெள்ளை வளையம், மறுபடி சிவப்பு. அப்போது அவளுக்குக் கண் மங்கிவிட்டிருந்தது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"இதுங்களைப் பிரிச்சு, நேரா ஒட்டி, திரும்பச் சுருட்டணும்," என்றார் பிக்கு.

அத்தை குனிந்து தரையில் கிடந்தவற்றை மடியில் அள்ளிக்கொண்டார். "பிரிக்கக் கூடாது. என் பொண்ணு கை பட்டது இது ஒண்ணுதான் மிச்சம். அப்படியே உள்ள போகட்டும்."

"ஆளைத் தலைகீழா நிறுத்தி வச்ச மாதிரிம்மா. வைக்க முடியாது."

"ரயிலுக்கு நேரமாச்சுன்னு விரட்டுறீங்க."

"ரயில் போகட்டும், அடுத்த ரயில் இருக்கு. ஆனா இன்னைக்கு மூடலேன்னா நான் திரும்பி வர அடுத்த வருஷம் ஆயிடும். அதுவரைக்கும் இது வெறும் பித்தளை."

அவள் அண்ணன், என் மச்சான், பிளம்பர். அடித்தகட்டை அளவுக்கு வெட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அம்மா, கொடுத்துடும்மா. நான் எப்படி அடைக்கிறேன் பாரு. நான் அடைச்சது எதுவும் இதுவரைக்கும் ஒழுகினதில்ல."

"போன மாசம் நம்ம வீட்டு சிங்க் ஒழுகிச்சே, அது யாரு அடைச்சது?"

"அது வாஷர் கோளாறு."

"வாயை மூடு. மாப்பிள்ளை சொல்லட்டும்."

மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"பிரிங்க," என்றேன்.

அத்தை மடியிலிருந்ததை ஒவ்வொன்றாகத் தட்டில் போட்டார். "கல்லு," என்றார் மகனிடம். "ஒரே வார்த்தையில சொல்லிட்டாரு பாருடா. கல்லு."

மச்சானும் பிக்குவும் ஈரப் பஞ்சால் ஒட்டு நனைத்துப் பிரித்தார்கள், நேராக்கினார்கள், சுருட்டினார்கள். நான் பக்கத்தில் போகவில்லை. சமையலறையில் பசை காய்ச்சினேன். போதும் என்று மச்சான் சொன்ன பிறகும் இன்னொரு கிண்ணம் காய்ச்சினேன்.

பிறகு தாரையைத் தலையணையில் கவிழ்த்தோம். அடிவாய் குறுகலாக இருந்தது. மச்சானின் கை நுழையவில்லை. பிக்குவின் கையும் நுழையவில்லை. அத்தைக்குச் சின்னக் கை. "தள்ளுங்க," என்று வந்து உட்கார்ந்தார். பிக்கு எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, கண்ணில் ஒற்றி உள்ளே அடுக்கினார்.

கடைசிச் சுருளும் உள்ளே போனது. பிக்கு தகட்டை எடுக்கத் திரும்பினார். அத்தையின் கை இடுப்புச் செருகலுக்குப் போய் வந்தது. விரல்களுக்கிடையே சிவப்பு வளையம், வெள்ளை வளையம். கண்மூடித் திறப்பதற்குள் அது தாரைக்குள் போய்விட்டது.

நிமிர்ந்தார். நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்தது. 'சொல்லித்தான் பாரேன்' என்றது முகம்.

"எல்லாம் உள்ள போச்சா?" என்றார் பிக்கு.

"போச்சு," என்றார் அத்தை.

மச்சான் தகட்டை வாயில் பொருத்தினார். சுத்தியலை எடுத்தார்.

"மச்சான், நிறுத்துங்க."

சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

"பிரிக்காதது ஒண்ணு உள்ள இருக்கு."

"அம்மா!"

"இருந்தா என்னடா? இவ்வளவு பெரிய உருவத்துல ஒண்ணே ஒண்ணு. குடியா முழுகிடும்?"

பிக்கு தகட்டை எடுத்துத் தரையில் வைத்தார்.

"எடுங்க அத்தை."

"மாட்டேன். உங்க கை நுழைஞ்சா நீங்களே எடுத்துக்கங்க."

கையை விட்டேன். கட்டைவிரல் மூட்டில் மாட்டியது. அழுத்தினேன். பித்தளை விளிம்பு தோலைச் சீவியது. இன்னும் அழுத்தினேன்.

"மாப்ள, விடுங்க. ரத்தம் வருது பாருங்க," என்றார் மச்சான்.

கையை உருவிக்கொண்டேன். "அத்தை, அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீங்க இல்ல. சிவப்பு எந்தப் பக்கம்னு விரலால தடவித் தடவிப் பார்த்துட்டிருந்தா. நான் உதவ வந்தா கையைத் தட்டிவிட்டா. நேரா வரணும்னுதான் அந்தப் பாடு பட்டா. தலைகீழா இருக்கட்டும்னு சுருட்டல. அந்த நாளை உள்ள வச்சு அடைச்சிட்டு, அதையா தினமும் கும்பிடப் போறோம்?"

அவ்வளவு பேசி நாளாகியிருந்தது.

அத்தை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாரைக்குள் கைவிட்டு நெடுநேரம் துழாவினார். எடுத்ததை மகனிடம் கொடுக்கவில்லை. பிக்கு நீட்டிய தட்டையும் ஒதுக்கினார். என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

"நீங்க பிரிங்க. வேற யாரும் தொடக் கூடாது."

சுருளைக் கட்டியிருந்த நூலில் இரட்டை முடிச்சு. நகத்தால் நெம்பி அவிழ்த்தேன். பஞ்சால் ஒற்றினேன். முதல் பட்டை கழன்று வந்தது. தரையில் விரித்துத் தேய்த்தேன். கையை எடுத்ததும் சுருண்டுகொண்டது, அவள் சுற்றிய அதே இறுக்கத்துக்கு. மறுபடி விரித்தேன். இம்முறை என் விரலைச் சுற்றிக்கொண்டது. அதை அப்படியே விட்டேன்.

அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பட்டையை என் விரலிலிருந்து மெதுவாகப் பிரித்து, ஒரு முனையை அழுத்திப் பிடித்தார்.

"அந்த முனையைப் பிடிங்க," என்றார். "எது மேல?"

"இது, அத்தை."