சுவக்கீன் போட்ட செய்தி

ஷிஜி செய்த வேலையில் தப்பே இல்லை என்று கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அழகுத்தாயை முறிவாலன் என்ற காட்டானை மிதித்துப் போட்ட இடத்தை வந்து பார்த்திருந்தால் அவர்கள் வாயும் அடைத்துத்தான் போயிருக்கும்.

சூரியநெல்லிக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலை எஸ்டேட்டில் காட்டானைப் பயமில்லாமல் ஒரு பொழுதும் விடிவதில்லை. ஷிஜி பக்கத்து ரிசார்ட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். அவள் சித்தப்பாவை ஆனை அடித்துக் கொன்ற வருஷம், அழுது முடித்த கையோடு உட்கார்ந்து ஒரு வெப்சைட் செய்தாள். ஆனையைக் கண்டவர் யாரானாலும் இடத்தை அதில் போடலாம். போட்டதும் பக்கம் சிவப்பாகும், எல்லார் போனும் அலறும். ஆனை இல்லையென்றால் பக்கம் பச்சையாக இருக்கும். கீழ் லயத்து வீடுகளில் இருக்கிற வேதக்காரர்களும் சரி, மேல் லயத்து இந்துக்களும் சரி, பச்சையைப் பார்க்காமல் வாசலைத் தாண்ட மாட்டார்கள்.

வெப்சைட்டை வைத்திருந்த கம்பெனி லட்சணமான கம்பெனி. ஊரே ஒரே நேரத்தில் பக்கத்தைத் திறந்தால் அவர்கள் சர்வர் படுத்துவிடும். ஆனை வரும்போதுதானே ஊரே திறக்கும்? கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். கடைசியில் வேறு கம்பெனிக்கு மாற்றிவிடுவது என்று முடிவு கட்டினாள். எந்த மாதத்தில் எந்த வழியாக எந்த ஆனை இறங்கும் என்று ஜனங்கள் வருஷக்கணக்காகப் போட்ட செய்தியெல்லாம் அதில் இருந்தது. அதில் ஒரு வரிகூடத் தொலையக் கூடாது என்று அவளுக்கு ஒரே வெறி. எல்லாவற்றையும் நகல் எடுத்தாள், புது இடத்தில் ஏற்றினாள், பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகச் சரிபார்த்தாள்.

பாக்கி இருந்தது விலாசம் மாற்றுவது ஒன்றுதான். வீடு மாறினால் தபால்காரருக்குச் சொல்கிறோம் அல்லவா, அது மாதிரி. ஆனால் இங்கே தபால்காரர்கள் ஆயிரம் பேர், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சேதி போகாது. சில போன்கள் உடனே புது வீட்டுக்குப் போய்விடும். சில போன்கள் கொஞ்ச நேரம் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். அதனால் அதுவரைக்கும் பழைய இடத்தில் யாரும் எதுவும் போட முடியாதபடி பூட்டி வைப்பதுதான் முறை. ஷிஜிக்கும் அது தெரியும். ஆனால் பூட்டிய நேரத்தில் ஒருவன் ஆனையைக் கண்டு செய்தி போட முடியாமல் போய்விட்டால் என்று பயந்து, பூட்டாமல் விட்டாள்.

அதற்குப் பதிலாகக் கீழ் லயத்து மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை நடக்கிற நேரத்தைத் தேர்ந்தெடுத்தாள். அந்த நேரத்தில் எவர் கையிலும் போன் இருக்காது. முந்தின வாரமே சாமியாரிடம் சொல்லி, கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்த கையோடு அதையும் வாசிக்க வைத்தாள். அடுத்த ஞாயிறு பூசை நேரத்தில் வெப்சைட்டை நம்ப வேண்டாம், யாரும் வெளியே இறங்க வேண்டாம் என்று அவரும் சத்தமாக வாசித்தார். கோயிலில் வாசித்தால் ஊருக்கே தெரிந்த மாதிரிதான் என்று கீழ் லயத்தில் பிறந்த யாரும் நினைப்பார்கள். மேல் லயத்துப் பெண்களுக்கு ஞாயிறு என்றால் விறகு பொறுக்குகிற நாள். அது அவள் புத்தியில் ஏறவே இல்லை. ஃபாரஸ்டில் தினக்கூலி வாச்சராக இருந்த சுவக்கீன் வேதக்காரர்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் காவலுக்குப் போகிறவர் பூசைக்கு எங்கே வருவார்? அதையும் அவள் யோசிக்கவில்லை.

விலாசத்தை மாற்றிவிட்டு நிம்மதியாகக் கோயிலுக்குள் போனாள். பூசையில் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நின்றபோது மேட்டிலிருந்து அலறல் கேட்டது.

மேல் லயத்து அழகுத்தாய் சுள்ளிக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்த நேரத்தில் முறிவாலன் புதரை உடைத்துக்கொண்டு வந்திருக்கிறான். வால் முறிந்த ஒற்றைக் கொம்பன். இடுப்பை வளைத்துத் தூக்கிப் பாறையில் ஒரே அடி. அத்தோடு விட்டானா பாவி? முன்காலால் மார்பை மிதித்து, கொம்பை இறக்கி, அந்த உடம்பை ஓடை வரைக்கும் உருட்டிக்கொண்டு போயிருக்கிறான். கூடப் போன பெண்கள் மரத்துக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்கள். புருஷன் பேச்சிமுத்து கொழுந்துச் சாக்கை விரித்து, கிடைத்ததை அள்ளிக் கட்டினான். அவன் அழவே இல்லை.

சாக்கைக் கொண்டுவந்து, வேலைக்குப் பேர் பதிகிற மஸ்டர் கொட்டகையில் இறக்கியபோது ஜனங்களுக்கு ஒரே கேள்விதான் இருந்தது. வாச்சர் ஏன் செய்தி போடவில்லை? சுவக்கீன் மூச்சிரைக்க ஓடிவந்து, ஆனையைக் கண்டதுமே போட்டுவிட்டேன் என்று போனை நீட்டினார். பேச்சிமுத்துவின் தம்பி அதைப் பிடுங்கித் தரையில் அடித்துச் செருப்புக் காலால் மிதித்தான். எங்கள் போனில் பச்சைதானே இருக்கிறது, குடித்துவிட்டுக் கிடந்தாயா என்று கேட்டபடியே மூக்கில் குத்தினான். அதற்குப் பிறகு யார் அடித்தார்கள், யார் அடிக்கவில்லை என்று பிரிக்க முடியாது. விறகுக் கட்டை, பெல்ட், கைக்கு அகப்பட்டதெல்லாம் வீசினார்கள். பல் தெறித்தது, காது கிழிந்தது. ஒருவன் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு வந்தான்.

இங்கே கீழ் லயத்தில் நின்ற ஷிஜியிடம் மேட்டிலிருந்து ஓடிவந்தவர்கள் நடந்ததைச் சொன்னார்கள். சுவக்கீன் போட்டேன் என்று சொன்னது காதில் விழுந்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வீட்டுக்கு ஓடி லேப்டாப்பைத் திறந்து பழைய இடத்துக்குள் நேராக நுழைந்தாள். இருந்தது. அழகுத்தாய் வீட்டை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே அவர் போட்ட ஒரே ஒரு வரி, யாரும் இல்லாத பழைய வீட்டில் விழுந்து கிடந்தது.

அவள் தோளுக்குப் பின்னால் நின்று புருஷன் டிஜோவும் அதைப் படித்தான். ஜீப் ஓட்டுகிறவன், ஊர்க் கோபம் எப்படிப்பட்டது என்று தெரிந்தவன். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"ஷிஜி, இத அழிச்சுரு. பழைய எடத்த மூடிட்டா ஒருத்தனுக்கும் தெரியப்போறதில்ல."

"அந்த மனுசனக் கொன்னுருவாங்க."

"இல்லன்னா ஒன்னயக் கொல்லுவாங்க."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அவள் விரல் அந்த வரியின் மேலேயே நின்றது. அழித்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று தோன்றத்தான் செய்தது. அவளும் மனுஷிதானே. பிறகு போனை எடுத்துக்கொண்டு, அவன் கையைத் தட்டிவிட்டு மேட்டைப் பார்த்து ஓடினாள்.

கொட்டகையில் சுவக்கீனை ரத்த விளாறாகத் தூணோடு சாய்த்து வைத்திருந்தார்கள். ஒரு கண் மூடிப்போயிருந்தது. ஷிஜி கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு போய் அவருக்கு முன்னால் நின்றாள். நின்ற இடத்திலேயே, கையிலிருந்த போனில் அந்த ஒரு வரியை எடுத்துப் புது இடத்தில் ஏற்றினாள்.

கொட்டகையில் இருந்த அத்தனை போனும் ஒரே சமயத்தில் அலறியது. ஆனைதான் வந்துவிட்டது என்று பாதிப் பேர் திரும்பி ஓடினார்கள். பேச்சிமுத்துவின் சட்டைப் பைக்குள்ளிருந்தும் ஒரு போன் அலறியது. அது அவனுடையது இல்லை, அழகுத்தாயுடையது. அவன் அதை எடுத்து, திரையில் காய்ந்திருந்த ரத்தத்தைக் கட்டை விரலால் துடைத்துவிட்டுப் படித்தான். மேல் லயம் விறகுப் பாதையில் முறிவாலன் நிக்கான், யாரும் வராதீங்க என்று இருந்தது. கீழே சுவக்கீன் பேரும், காலையில் அவர் போட்ட நேரமும் இருந்தன.

"அண்ணே, அவர அடிக்காதீய. அவரு அப்பமே போட்டுட்டாரு," என்றாள் ஷிஜி. "நாந்தான் வெப்சைட்ட வேற எடத்துக்கு மாத்துனேன். அவரு போட்டது பழைய எடத்துல விழுந்துட்டு. ஒங்களுக்குக் காட்டுனது புது எடம்."

பேச்சிமுத்துவுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்தபோதும் அவன் கத்தவில்லை.

"பாத்துட்டுத்தான் போனா. பச்சையா இருக்கு, சீக்கிரம் வந்துருதேன்னு சொல்லிட்டுப் போனா."

ஷிஜி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். கோயிலில் வாசித்ததையும், பூட்டாமல் விட்டதையும் ஒளிக்காமல் சொன்னாள். உங்கள் கோயிலில் வாசித்தால் எங்களுக்கு எப்படியடி தெரியும் என்று ஒரு பெண் மண்ணை வாரி அவள் முகத்தில் எறிந்தாள். அதுவரை சுவக்கீனை அடித்த கைகள் அப்படியே இந்தப் பக்கம் திரும்பின. அவரிடம் ஒருத்தரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

முதல் அடி பேச்சிமுத்துவுடையது. விறகுக் கட்டை அவள் மணிக்கட்டில் விழுந்ததும் எலும்பு முறிகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அடுத்த அடி காதோரம். விழுந்தவளின் முடியைப் பிடித்து யாரோ இழுத்தார்கள், விலாவில் யாரோ மிதித்தார்கள். டிஜோ ஜீப்பிலிருந்து குதித்து ஓடிவந்தான், அவனையும் நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் போட்டார்கள்.

தூணோடு கிடந்த சுவக்கீன், உடைந்த வாயைத் திறந்து, போதும், அந்தப் புள்ளைய விட்டுருங்க என்றார். அன்றைக்கு இரண்டாவது தடவையாக அவர் சொன்னது யாருக்கும் போய்ச் சேரவில்லை.