கழுகாரின் பால்வெள்ளை

காலை பத்து மணிக்கு வடக்கு ஜன்னலில் விழும் வெளிச்சத்துக்கென்று அந்தப் பெயின்ட் தொழிற்சாலையில் ஒரு நாற்காலி ஒதுக்கப்பட்டிருந்தது. அதில் கழுகார் உட்கார்ந்து, பச்சைக் காரட் ஒன்றைக் கடித்துக்கொண்டே, பால்வெள்ளை பூசிய தகர அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்க்க அலமாரியில் மாதிரி அட்டை இருந்தது. அதெல்லாம் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு. பால்வெள்ளை அவர் தலைக்குள்ளேயே இருந்தது. முப்பத்தோரு வருஷமாக அங்கே தூசு படாமல் இருந்தது.

"மஞ்சளடிக்குது. நீலம் இன்னொரு சொட்டு."

"மெஷின்ல சரியாத்தான் காட்டுது சார்," என்றார் கலவைக்காரர்.

"மெஷினுக்கு வயசாயிடுச்சு."

கலவைக்காரர் போய் இன்னொரு சொட்டு விட்டார். வெள்ளை வெளேரென்று தெரிய நீலம் ஒரு சொட்டு சேர்ப்பது அந்தத் தொழிலின் வழக்கம்தான். எத்தனை சொட்டு என்பதைச் சொல்லத்தான் கழுகார். கழுகுக் கண் என்பதால் வந்த பெயர் அது; அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும்.

நாலைந்து மாதமாக அவருடைய உலகம் மெத்தென்று ஆகியிருந்தது. சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒவ்வொரு தெருவிளக்கும் தன்னைச் சுற்றி ஒரு வளையம் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டதுபோல நின்றது. எதிரே வருகிறவர்கள் சற்று மிதந்து வந்தார்கள். எல்லாப் பகலும் பிற்பகலின் தேன்நிறத்தில் ஊறிக் கிடந்தது. ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் மனைவியைப் பார்த்து, "முப்பது வருஷத்துக்கு முன்னாடி பாத்த மாதிரியே இருக்க. ஒரு சுருக்கம்கூட இல்ல," என்றார். அவருக்கு அந்த மாதிரிப் பேச்செல்லாம் வராது. அவள் சந்தேகப்பட்டு அன்று சாயங்காலமே அவரைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"கண்புரை. உள்ள லென்ஸ் பழுத்துடுச்சு, மஞ்சளா இருக்கு. ஆபரேஷன் பண்ணிடலாம், அரை மணி நேர வேலை," என்றார் அந்த டாக்டரம்மா.

"கீரை, காரட்டுன்னு சாப்பிட்டா?" என்று கேட்டார் கழுகார்.

"நல்லா சாப்பிடுங்க. இந்த வயசுல கண்ணுக்கு அதெல்லாம் வேணும். ஆனா ஜன்னல் கண்ணாடி மங்கிப்போனா, வீட்டுக்குள்ள இருக்கறவங்களுக்குச் சாப்பாடு போட்டா சரியாயிடுமா?"

கழுகார் அந்தப் பேச்சில் 'நல்லா சாப்பிடுங்க' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஆபரேஷனுக்கு லீவு எழுத வேண்டும். லீவுக்குக் காரணம் எழுத வேண்டும். கண் என்று எழுதினால், மறுநாளே வடக்கு ஜன்னல் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். தான் கிடங்கில் காலி டின்களோடு இருக்க வேண்டும். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம். அதுவரை யாருக்கும் தெரியக்கூடாது என்று மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மனைவியின் தம்பிக்கு மட்டும் தெரிந்துவிட்டது. காப்பீட்டு அலுவலகத்திலிருந்து விருப்ப ஓய்வு பெற்றபின் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் குடியிருப்புச் சங்கத்தின் அறையில் 'விழியைக் காக்கும் விருந்து' என்று சொற்பொழிவு செய்துவந்தார். வாரத்துக்கு ஏழு நாள், நாளுக்கு ஒரு நிறம் என்று அட்டவணை அச்சடித்திருந்தார். போன வருஷம் தன் இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் செய்துகொண்டதை மட்டும் உரையில் சொல்வதில்லை. நேரம் போதாது.

"அத்தான், கத்தி எதுக்கு? முயல் கண்ணாடி போட்டு நீங்க பாத்திருக்கீங்களா?"

"அம்பத்தெட்டு வயசு முயல யார்ரா பாத்தா?" என்றாள் அக்கா.

இருந்தாலும் அட்டவணை சமையலறைச் சுவரில் ஏறியது. கீரை, மஞ்சள்கரு, மீன், ஆரஞ்சு, பூசணி. எல்லா நாளும் காரட் பொது. மூன்றாவது மாதம் மனைவி அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"உள்ளங்கை மஞ்சளா போயிடுச்சுங்க."

"எனக்கு எப்பவும் போலத்தான் தெரியுது," என்றார் கழுகார். உண்மையைத்தான் சொன்னார்.

பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது அதற்கடுத்த வாரம். போன வருஷம் பாதிக் கட்டடத்துக்குப் பால்வெள்ளை அடித்தார்கள்; இந்த மாதம் மீதிப் பாதிக்கு. தலைமையாசிரியை புகார் சொன்னார்: புதுப் பாதி நீலமாக இருக்கிறது. மேலாளர் கழுகாரைக் காரில் முன்சீட்டில் உட்காரவைத்து அழைத்துப்போனார். கோயில் தேர் புறப்படுவதுபோல இருந்தது.

மைதானத்தின் நடுவே நின்று கழுகார் சுவரைப் பார்த்தார். நீளமான, அமைதியான ஒரே வெள்ளை. வெயில் அதன்மேல் பால் ஆடைபோலப் படிந்திருந்தது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கண் வழுக்கிக்கொண்டு போனது, எங்கேயும் தடுக்கவில்லை. தான் இதுவரை பார்த்ததிலேயே அழகான வெள்ளை இதுதான் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் அவர் சுவரிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டார்.

"ஒரே நிறம்தான்," என்றார்.

மேலாளர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவர் முகம் ஒரு கணம் தடுமாறியது. "ஆமா," என்றார். "ஒரே நிறம்தான். இங்கேருந்து பாத்தா நல்லாவே தெரியுது."

ஏணியருகே நின்ற மேஸ்திரியைத் தலைமையாசிரியை பார்த்தார். இருபது வருஷமாகக் கழுகார் சொன்ன டின்னைத்தான் அவர் அடித்துவருகிறார்.

"நேத்து வரைக்கும் எனக்கும் நீலமாத்தான் தெரிஞ்சுது டீச்சர்," என்றார் மேஸ்திரி. "சார் வெள்ளைன்னா வெள்ளைதான். அவர் கண்ணு முன்னாடி நம்ம கண்ணெல்லாம் கண்ணா?"

தலைமையாசிரியை மறுபடியும் சுவரைப் பார்த்தார். கண்களைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். தலையை ஒருபக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"எனக்கும் அம்பதாச்சு சார். பார்வை மாறிடுச்சு போல. கண்ணுக்கு நீங்க என்ன சாப்பிடறீங்க?"

கழுகாருக்குப் பதில் தெரியும். கிழமை வாரியாகவே தெரியும். வாயைத் திறந்தார். அந்த அம்மா கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, உள்ளங்கையிலேயே எழுதிக்கொள்ளத் தயாராக நின்றார். ஒரு குறையும் இல்லாத இரண்டு கண்கள் அவரையே நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தன. நாளைக்கு இந்த அம்மா காரட் வாங்குவார். மேஸ்திரி எங்கே போனாலும் நீலத்தை வெள்ளை என்பார். மேலாளர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

"உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றார். "கீரை சாப்பிடுங்க, நல்லதுதான். ஆனா நீங்க பாக்கறது சரி. எனக்குத்தான் தெரியல. லென்ஸ் பழுத்துடுச்சு. அஞ்சு மாசமாச்சு."

மேலாளர் தன் ஷூவைப் பார்த்தார்.

"மேஸ்திரி, எங்க பிரியுதுன்னு ஒரு கோடு போடு. நான் பாக்கணும்."

மேஸ்திரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். தரையிலிருந்து ஆரம்பித்து, சுவரில் மெல்ல மேலே இழுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்," என்று தலைமையாசிரியை கீழிருந்து சொன்னார். "அங்கதான், அப்படியே போங்க." மேலாளரும் ஒரு நிமிடம் கழித்து, "ஜன்னல் பக்கத்துல கொஞ்சம் வளையுது," என்றார்.

கழுகார் சுவருக்கு அருகே போய், கோட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு உள்ளங்கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். முடிவில்லாத ஒரே வெள்ளைக்குள், மற்றவர்கள் குரல் காட்டிய வழியில், மெல்லிய சாம்பல் கோடு ஒன்று தானாக வளர்ந்து மேலே போய்க்கொண்டிருந்தது.